மாரமங்கலம் பஸ்ஸும் பைசலின் இரண்டு குழுக்களும்

1995-ல் ஏற்காட்டில் பிறந்த பைசல், வேலைக்காக மலையை விட்டு இறங்குவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை. அப்பாவின் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு லேப்டாப். ஆபீஸ் சேலத்தில். பஸ்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அவை எங்கே போகின்றன என்ற தகவலைத் திரட்டும் தனியார் கம்பெனி அது. அடுத்தவர்களின் ஆப்கள் அந்தத் தகவலைக் கேட்டு வாங்குகிற வழிக்கு ஏபிஐ என்று பெயர். யார் எதைக் கேட்கலாம் என்று வாசலில் நின்று பார்ப்பதுதான் பைசலின் வேலை.

வாசல் இரண்டு. பொதுக் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம். கிடைப்பது பஸ் நேர அட்டவணை மட்டும். தனிக் குழுவுக்கு அழைப்பு வேண்டும். அதில் இருப்பவர்களுக்கு, பஸ் இந்த நிமிடம் எந்த வளைவில் ஏறுகிறது என்பதே தெரியும். அழைப்பு அனுப்புகிறவன் பைசல். பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும் என்பது விதி.

ஏற்காட்டை அடுத்த மாரமங்கலத்துப் பெண் மலர், நிறுவனம் அல்ல. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு மிளகுத் தோட்டம் பார்ப்பவள். பஸ் வருமா வராதா என்று தெரியாமல் ஊரே மழையில் நிற்பதைப் பார்த்து, சின்னதாக ஓர் ஆப் எழுதியிருந்தாள். மலையில் மூடுபனி இறங்கினால் அட்டவணை எதற்கு ஆகும்? பைசல் அவளைக் கம்பெனியின் சோதனைப் பணியாளர் என்று எழுதித் தனிக் குழுவில் சேர்த்து, அந்தத் தகவலைத் திறக்கும் சாவியாக ஒரு டோக்கன் எண்ணும் கொடுத்தான். சேலத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தாள். கீழிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க பைசலண்ணா, ஆப்பு நொம்ப நல்லா ஓடுதுங்க! கரடியூர்க்காரங்களுக்கும் குடுத்துட்டேன்."

பாதிப் படி இறங்கியவன் நின்றான். "எதைக் குடுத்தே?"

"டோக்கனைத்தானுங்க. அதைப் போட்டாத்தானே ஆப்பு தொறக்குது? வாட்ஸ்அப் குரூப்புல போட்டு உட்டேன்."

"அது உனக்கு மட்டும்னுதானே குடுத்தேன் மலரு!"

"பஸ்ஸு எனக்கு மட்டுமா வருது?"

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அம்மா பாத்திமா சிரித்தார். "அப்படிக் கேளு கண்ணு. சின்னதுலயே மிட்டாய் பாட்டிலைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தவன் இவன்."

பஸ் சத்தம் முதலில் கேட்ட ஊர் அடுத்த ஊருக்கு போன் போட்டுச் சொல்வது இந்த மலை வழக்கம். பைசலும் அதில் வளர்ந்தவன்தான். டோக்கன் கொடுத்த அன்று அது அவனுக்குத் தோன்றாமல் போனது.

மேலே போன் அடித்தது. மேனேஜர் விஜயகுமார்.

"ஒரே டோக்கன், இருநூறு போன்ல இருந்து கேக்குது. யாரு பைசல் இந்த மலர்? நம்ம ஆளுன்னு போட்டிருக்கு."

"டெஸ்டிங்குக்குங்க சார்."

"இருநூறு போன்ல என்ன டெஸ்டிங்? யாரோ நம்ம டேட்டாவ விக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள தூக்கிருங்க. இல்லாட்டி விசாரணைக்குப் போயிரும். யாரு உள்ள விட்டாங்கன்னும் நோண்டுவாங்க."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். இப்படியொரு வேலை மலையில் வேறு கிடையாது. புது டோக்கன் கொடுத்தால் அதுவும் குரூப்புக்குப் போகும். ஊரின் பேரில் அழைக்கலாமென்றால் ஊர் பதிவு பெற்ற நிறுவனம் இல்லை. பேசாமல் இருந்தால் விசாரணையில் மலர் திருடியாவாள். ஜன்னலுக்கு வெளியே பனி கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பஸ்ஸு அடிவாரம் தாண்டிருச்சுங்கம்மா," என்று கீழே மலர் சொல்வது கேட்டது.

பைசல் அவள் பெயரைத் தனிக் குழுவிலிருந்து எடுத்தான்.

"அண்ணா, பஸ்ஸு நின்னு போச்சுங்க!"

அவன் இறங்கி வந்தான். "பஸ்ஸு நிக்கலை. உன்னைக் குழுவுல இருந்து எடுத்தாச்சு. கம்பெனி எடுக்கச் சொல்லிருச்சு."

"சேர்த்தது?"

"நான்."

"எடுக்கறப்ப மட்டும் கம்பெனிங்களா?"

பாத்திமா தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மலர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மலரின் பெயர் இப்போது பொதுக் குழுவில் இருக்கிறது. அட்டவணைப்படி மாரமங்கலத்துக்கு முதல் பஸ் நாளைக் காலை ஏழு மணிக்கு வரும்.