தண்ணீர் விட்ட பிறகும் போகாத அம்மை

முதல் கரு தங்காத என் மகள் கோமதி, போன ஆடித்தபசு முடிந்த வாரத்தில் மறுபடி முழுகாமல் இருந்தாள். இரண்டு மாதம் முடிந்திருந்தது. அந்தக் குழந்தைக்குக் கண் தெரியுமா, காது கேட்குமா, இதயம் சரியாக இருக்குமா என்று எதுவும் சொல்ல முடியாது என டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன். செய்தி எழுதிப் பழகியவன் நான். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, திருப்பூரிலிருந்து சிவகிரிக்குத் திரும்பியிருந்த என் தம்பி, நான்கு வயது மகள் மீனாவோடு வந்தான். மீனாவுக்கு லேசான காய்ச்சலும் முகத்தில் தொடங்கிய சிவப்புத் தடிப்பும் இருந்திருக்கின்றன. அம்மை என்று வேப்பிலை கட்டி, புற்றுமண் பூசி, யாரையும் அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தடிப்பு மறைந்தது. தலைக்குத் தண்ணீர் விட்டு, எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கூட்டி வந்து, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள்.

கோமதி சற்றுத் தயங்கினாள். என் மனைவி பேச்சியம்மாள்தான், "தண்ணி விட்டாச்சுல்லா, இனி என்னட்டி? பிள்ளைய மடியில வாங்கு, நல்லது" என்றாள். மீனா இருமிக்கொண்டே அவள் மடியில் தூங்கிப்போனாள்.

வழக்கமான பரிசோதனையில் கோமதி இதைப் பேச்சுவாக்கில் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். மீனாவையும் வரவழைத்து இருவருக்கும் ரத்தம் எடுத்தார். மீனாவின் முடிவு முதலில் வந்தது. வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயத்தைத் தாக்கக்கூடிய ருபெல்லா அம்மை. ஊர் மாறியதில் அவளுக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது.

எப்படித் தொற்றும் என்று கேட்டேன். இருமல், தும்மலில் தெறிக்கும் துளி வழியாக என்றார். தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பரவத் தொடங்கும், வந்த பிறகும் ஒரு வாரம் பரவும். பலருக்குத் தடிப்பே தெரியாது. தண்ணீர் விட்டாயிற்றே என்றேன்.

"தண்ணி விட்டா கிருமி சொல்லிக்கிட்டுப் போயிருமா அண்ணாச்சி?"

அம்மை கண்ட வீட்டுக்குள் போகாதே என்ற நம் வழக்கம் சரியானதுதான். அதை இந்த நோய்க்குச் சில நாள் முன்னதாக முடித்துக்கொண்டதுதான் தவறு. கர்ப்பத்தில் இந்த ஊசியைப் போடவும் கூடாதாம். கோமதிக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால் தப்பினோம். இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கோமதியின் முடிவு திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். அம்மன் சன்னதிக்கு முன்னால், குறையோடு வருகிறவர்கள் உட்கார்ந்து வேண்டிக்கொள்ளும் சக்கரக் குழியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கேள்வி விடவில்லை. எடுத்த ரத்தத்தில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை. முடிந்துபோன ஒன்றுக்காக வேண்டிக்கொள்ள முடியுமா? விடை தெரியவில்லை. ஆனாலும் வேண்டினேன். அழுதேன்.

முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி இருந்தது. தொட்டு இரண்டே நாளில் இவ்வளவு உண்டாகாது, இது பழையது என்றார் டாக்டரம்மா. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் புதிதாகத் தொற்றிய அடையாளம் இல்லை.

எங்கிருந்து வந்தது? கோமதிக்கு நினைவு வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ருபெல்லா ஊசி போட்ட நாள். செல்போனில் ஏதேதோ வதந்தி வந்ததால், போக வேண்டாம் என்று அவள் அம்மா தடுத்திருக்கிறாள்.

"கபடிக்கு ஆள் எடுக்காவன்னு ஓடிட்டேம்ப்பா. ஊசி போட்டதுல கை வலிச்சு, ஆட்டத்துல என்னைய எடுக்கவே இல்ல."

"நான் சொன்னத என்னைக்குக் கேட்டா இவ?" என்றாள் பேச்சியம்மாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பியது கபடி. அது செய்தி. கபடியை அந்த நாளில் வைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பதற்குப் பல வருஷம் முன்பே அம்மன் கொடுத்துவிட்டாள்.

இப்போது கல்யாணப் பத்திரிகை கொண்டு வருபவர்களிடம், பெண்ணுக்கு ருபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று முதலில் கேட்கிறேன். போடவில்லையென்றால் இப்போதே போட்டு, ஒரு மாதமாவது கழித்துக் கரு தரிக்கட்டும் என்கிறேன். "அண்ணாச்சி பந்தியிலயும் ஊசியத்தான் கேப்பாக" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மீனாவுக்கும் விட்டுப்போன ஊசிகளைப் போட்டாயிற்று.

பேரனை முதன்முதலாகக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். உச்சிக்கால மணி அடித்தது. திடுக்கிட்டு வீரிட்டு அழுதான். பேச்சியம்மாள் அவன் காதைப் பொத்தப் போனாள். "கேக்கட்டும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்பர்களே, அம்மனை நம்புங்கள். அவள் கொடுக்கும்போது கையை நீட்டுங்கள். சில நேரம் அது ஊசி போடும் கையாக இருக்கும்.