பூட்டிக் கிடந்த மூலைக் கடை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்து, எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் அப்பா கட்டிய மூன்று கடைகளை விற்றுவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தோம். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னை மணலூர்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் என்னோடு கூட்டிப்போக நினைத்தேன். அதற்குத்தான் விற்பனை.

மூன்றில் இரண்டு கடைகள் வாடகைக்குப் போயிருந்தன. மூலைக் கடை மட்டும் பூட்டியே கிடக்கும். நல்ல இடம் என்று எத்தனையோ பேர் வந்து கேட்டும் அம்மா அசையவில்லை. அது அண்ணனுக்கென்று அப்பா கட்டியது. "நாளைக்கே அவன் வந்து நின்னா எங்க ஒக்காருவான்?" என்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் கடையைத் திறந்து, பெருக்கி, சூடம் காட்டிவிட்டு மறுபடி பூட்டுவார்.

அண்ணன் என் கல்யாணத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டான். கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க அப்பா அவனைக் கை நீட்டி அடித்துவிட்டார். அந்த ரோஷம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், கடுக்காய் வியாபாரிகளோடு அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பஸ் ஏறி அடிவாரத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஆனால் யாரும் போகவில்லை. கோபித்துக்கொண்டு போனவன்தான் திரும்பி வரவேண்டும், பெரியவர்கள் போய்க் கூப்பிட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம். "போனவனுக்கு வழி தெரியும்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இறந்தபோது சந்தைக்கு வந்த மலைக்காரர்களிடம் சொல்லி அனுப்பினோம். அண்ணன் வரவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான்.

கடைகளை வாங்க வந்தவர் மூங்கில்துறைப்பட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். அப்பப்பா, என்ன மனிதர்! மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படித்தார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். வாடகைக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டே துருவித் துருவி விசாரித்தார். டேப் பிடித்து அளந்தார். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்ககூட இவ்ளோ கேக்கலியே" என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தேன்.

இரும்புக்கடைக்காரர் கண்ணுக்குப் பூட்டிய கடை தப்புமா? "மூணுல ஒண்ணு ஏங்க சும்மா கெடக்குது?" என்று கேட்டார். அண்ணன் கதை வெளியே வந்தது.

கூட வந்த புரோக்கருக்கு வியாபாரம் கெட்டுவிடுமோ என்று பயம். "ஓடிப்போன ஆளுங்க. வாரிசுல அவரு பேர வுட்டுட்டு எழுதிக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"அதெல்லாம் வேணாங்க" என்று இரும்புக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "இப்பிடி ஒரு கையெழுத்து கொறஞ்ச எடத்த வாங்கிட்டு எங்கப்பா கடைசி வரைக்கும் கோர்ட்டுக்கு நடந்துக்கினே இருந்தாரு. இவங்க புள்ள சம்மதிச்சாதான் நான் வாங்குவேன். நானே போயி பாத்துட்டு வரேன்."

"பஸ்ஸே ஓடலியே தம்பி, எப்பிடிப் போவீங்க?" என்றார் அம்மா.

"சைக்கிள் இருக்குதும்மா."

விற்பனை தள்ளிப்போகிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவோ அடுப்பை மூட்டி முறுக்கு சுட்டு, தூக்குச்சட்டி நிறையப் போட்டுக் கொடுத்தார். "சாவிய நான் பத்திரமா வெச்சிக்கினு இருக்கேன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

வெட்டிப்போட்ட ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கி வைத்து, மறுபக்கம் இறக்கித்தான் போனாராம். அடிவாரத்தில் அதை விட்டுவிட்டு, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்.

சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். தூக்குச்சட்டி காலியாக இருந்தது. அம்மா ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டானா?" என்று கேட்டார்.

"உங்க பேத்தி சாப்ட்டுச்சிம்மா."

"பேத்தியா! கேட்டியாடி, பேத்தியாம்!" அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சிரித்தேன். வந்தவர் மட்டும் சிரிக்காமல் வாசலிலேயே நின்றார்.

"மொதல்ல ஒக்காருங்கம்மா" என்றார். "போன மழைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துருக்குது. கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு எறங்கியிருக்காங்க. பாதி வழியிலியே..."

சாவுச் செய்தி எத்தனை நாள் கழித்து வந்தாலும், கேட்டவுடன் தலைமுழுக வேண்டும் என்பது எங்கள் முறை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். முதல் குடத்தை ஊற்றியதும் அம்மா நிமிர்ந்து, "அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் யாருக்குடி சூடம் காட்டினேன்?" என்று கேட்டார். அழுதுகொண்டே அடுத்த குடத்தை ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

அந்த மனிதர் அன்று கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரோடு சரியான பிறகு அவரே போய் அண்ணியையும் குழந்தையையும் அழைத்து வந்தார். குழந்தையின் பங்குக்குக் கோர்ட் அனுமதி வேண்டும் என்று அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்.

பத்திரம் பதிந்த அன்று எல்லோரும் கடைக்குப் போனோம். அண்ணி அதிகம் பேசாதவள். மூலைக் கடைக் கதவைத் தடவிப் பார்த்து, "இதுதானா?" என்றாள். "இங்க சைக்கிள் ரிப்பேர் கட வெப்பேன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அப்பா வந்து ஒரு வார்த்த கூப்புட்டா போதும், பொண்ணத் தூக்கிக்கினு ஓடிடுவேம்பாரு."

அப்படியானால் நாங்கள் சொல்லி அனுப்பிய செய்தி அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்பா இறந்தது தெரியாமலே, அவர் வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். வாங்கியவரிடம் கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, பேத்தியின் கையில் கொடுத்தார். அது கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே இரும்புக்கடைக்காரரிடம் நீட்டியது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்போதும் அந்த வழியாகப் போகும்போது மூலைக் கடையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. எங்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர், ஒரே ஒரு கையெழுத்துக்காக, மரங்களைத் தாண்டி என் அண்ணனைத் தேடிப் போனார். தினம் பஸ் ஓடிய காலமெல்லாம் நாங்கள் அவன் வருவான் என்று வழிபார்த்து உட்கார்ந்திருந்தோமே என்பது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.