உடைஞ்சது எத்தனை?

சைக்கிளின் முன்கூடையில் முட்டைத் தட்டு, அதன்மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். பக்கத்திலேயே வழவழவென்று சைக்கிள் பாதை இருக்கிறது. நகராட்சிக்காரர்கள் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தது. அதில் அவள் ஏறவே மாட்டாள். கல் பதித்த பழைய ரோட்டின் மேடான நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று வருவாள். ரோட்டின் அந்த முனையில் அவள் அண்ணன் ஒடீலின் கோழிப்பண்ணை, இந்த முனையில் என் கடை, நடுவே மாதா சிலை வைத்த சின்னக் குகை, அதுதான் மாதா கெபித் திருப்பம். திருப்பத்தைத் தாண்டியதும் இடது கையை எடுத்து உயர்த்திக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒரு முட்டை உடைந்தது, இரண்டு விரல் என்றால் இரண்டு. மூடிய முஷ்டி என்றால் ஒன்றும் உடையவில்லை, காபி போட்டுவை என்று அர்த்தம். உடைந்தாலும் காபி போட்டுத்தான் ஆகவேண்டும், அது வேறு கதை.

இந்த முட்டைக்காரிதான் ரைன்ஹில்டா. எங்களுக்கு ஹில்டா. போன கோடையில் மலைமலையாக ஏறி இறங்கும் பெரிய பந்தயத்தை ஜெயித்தவள் இவளேதான். பத்திரிகைகளில் ஷாம்பெயின் பாட்டிலோடு சிரிக்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். என் கடையில் அந்தச் சிரிப்பெல்லாம் கிடையாது. உர்ரென்று உட்கார்ந்து, ரொட்டியின் மேலோட்டை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு, பஞ்சுபோன்ற நடுப்பகுதியை உருட்டி உருட்டித் தட்டோரம் வரிசையாக வைப்பாள். "பிலோ, இது உன் நாய்க்கு" என்பாள். என் நாய் செத்து எத்தனையோ காலமாகிறது. அவளுக்கும் தெரியும். பழக்கத்தை விடமாட்டாள்.

சைக்கிளைக் கழுவுவதும் என் அடுக்களைத் தொட்டியில்தான். பாத்திரம் தேய்க்கிற சோப்புதான் சங்கிலிக்கு உகந்ததாம். "உன் பந்தயக் குழுவுல மெக்கானிக்குன்னு ஒருத்தருமே இல்லையாடி?" என்று கேட்டால், "இருக்காங்க, ஆனா உன் சோப்பு அவங்ககிட்ட இல்லையே" என்பாள். மழை நாளில் கையுறை போடமாட்டாள். கல்லின் அதிர்வு உள்ளங்கையில் தெரிய வேண்டுமாம். அந்தக் கையைப் பார்த்தால் பீட்ரூட் தோட்டத்தில் வேலை செய்கிறவள் என்றுதான் நினைப்பீர்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரோட்டு வழியாகத்தான் கல் பந்தயம் போகும். ஒரே நாளில் முடிந்துவிடும், ஆனால் அந்த ஒரு நாளில் உடைகிற எலும்புகள் மற்ற பந்தயங்களில் ஒரு மாதத்துக்குக் காணும். கல்லில் டயர் வெடிக்கும், குழுவின் கார் பின்னால் எங்கோ சிக்கிக்கொள்ளும். அதனால் ஊர்க்காரர்கள் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி, மாற்றுச் சக்கரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நிற்போம். ஹில்டா சின்ன வயசிலிருந்தே நிற்கிறாள். முதலில் அண்ணனுக்காக, பிறகு யார் யாருக்காகவோ. பெண்களுக்கும் கல் பந்தயம் என்று வந்தபிறகும் அவளைக் குழு விடவில்லை. மலையில் ஜெயிக்கிறவளைக் கல்லில் போட்டு உடைப்பார்களா? பட்டம் வாங்கிய மகாராணி சேற்றில் கால் புதைய நின்று, அடுத்தவளுக்குச் சக்கரம் மாட்டித் தள்ளிவிடுவாள். அன்று சாயங்காலம் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுக்கமாட்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலை இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. உள்ளே திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். குளிர் நாளில் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். அதே பக்கம் இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளை மறந்துவிட வேண்டியதுதான், நடப்பதற்கே ஊன்றுகோல் வேண்டியிருக்கும் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தவள் நான்தானே.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் மார்ச்சில் ஒரு நாள், வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே, "ஏப்ரல் ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துக்குப் பேரு குடுத்துட்டேன்" என்றாள்.

கடையில் ஹில்டா ரசிகர் மன்றத்துக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கோடைப் பந்தயத்துக்குப் போக ஜூலையில் எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்பதுதான் சண்டை. எல்லோரும் பீர் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"எந்தப் பந்தயம்?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"கல் பந்தயம்."

"உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா?"

"மேலாளரும் இதையேதான் கேட்டாரு. ஃபோன்ல. கொஞ்சம் மரியாதையா."

அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. ஜூலையில் அவளை நம்பித்தான் மொத்தக் குழுவும் இருக்கிறது, இடுப்பு போனால் எல்லாமே போச்சு என்று கெஞ்சியிருக்கிறார். "வருஷத்துல ஒரு பந்தயம் என் இஷ்டம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லையேன்னு சொல்லி ஃபோனை வச்சிட்டேன்" என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒடீல் எழுந்தான். அவனும் ஒரு காலத்தில் பந்தயக்காரன்தான். மாதா கெபித் திருப்பத்தில் விழுந்து முழங்கால் நொறுங்கியவன். அன்றிலிருந்து கோழிகளோடு சரி. பந்தய நாளில் ஜன்னலைக்கூட மூடிவைப்பான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இந்தக் குடும்பத்துக்கு ஒரு நொண்டி போதும்" என்றான். நொண்டிக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். முட்டைத் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவானாம்.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தைத் தாண்டி வந்தாள். கை உயர்ந்தது. ஐந்து விரல். அவள் இரண்டுக்குமேல் காட்டி நான் பார்த்ததில்லை. கிட்டே வந்தால், கூடையிலிருந்து மஞ்சள் கரு சக்கரத்தில் வழிகிறது, பாவாடை ஓரமெல்லாம் சேறு.

"விழுந்தியா?"

"விழல. விழப் பாத்தேன். உன் மண்வெட்டி எங்க?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள், பின்னாலேயே ஓடினேன். திருப்பத்தில், கற்களுக்கு நடுவே இருந்த பள்ளங்களையெல்லாம் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மண்ணும் சல்லியும் கொட்டி நிரப்பி, காலால் மிதித்துச் சமன்படுத்தியிருந்தார்கள். பார்வைக்கு அம்சமாகத்தான் இருந்தது. ஹில்டா ஒரு கைப்பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சல்லிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிப்பி ஓட்டுத் துண்டுகள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கோழித் தீனியில் கலப்பார்களே, அது.

"இந்தப் பக்கத்துல கோழி வளக்கறவன் எத்தனை பேரு, பிலோ?"

நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. கெபிக்குப் பின்னாலிருந்து ஒடீலே வந்தான். விடியலிலிருந்து அங்கேயே நின்றிருப்பான் போல.

"நல்லதுன்னுதான் பண்ணேன்" என்றான்.

"நல்லதா? பள்ளம் எங்க எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சக்கரத்தைத் தூக்கித் தாண்டிடுவேன். நீ மூடி வச்சா எனக்கு என்னடா தெரியும்? அப்படியே சறுக்குது! ஞாயித்துக்கிழமை வரைக்கும் இப்படியே இருந்திருந்தா நான் மட்டுமா, பின்னால வர்றவ எல்லாம் விழுந்திருப்பா!" என்று சொல்லிக்கொண்டே சல்லியை வெட்டி எடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கும் இந்தப் பள்ளமெல்லாம் மனப்பாடமாத்தான் இருந்துச்சு, ஹில்டா."

அவள் வெட்டுவதை நிறுத்தி மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டாள். இடுப்புப் பக்கம் கை போனது.

"பயம்தான்" என்றாள். "ராத்திரி தூக்கமே வரல. உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சியா?"

"அப்புறம் எதுக்கு? உனக்கு என்ன குறை? எல்லாம்தான் ஜெயிச்சாச்சே."

"எங்கயோ இருக்கற மலையில ஜெயிச்சேன். இது என் வாசல். என் வாசல்ல உலகமே ஓட்டிட்டுப் போவுது, நான் மட்டும் சக்கரத்தைத் தூக்கிட்டு ஓரமா நிக்கறேன். அவங்களுக்கு மாட்டித் தள்ளிவிடறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? உனக்குமா தெரியாது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் மூக்கைச் சிந்திப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நான் நிக்கற இடம் இந்த வருஷம் காலி. சக்கரம் பிடிக்க ஆள் வேணும்" என்றாள்.

அவன், "பாதியில விட்டா இன்னும் மோசம். குடு இப்படி" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். மத்தியானம்வரை இருவரும் ஒவ்வொரு பள்ளமாகத் தோண்டித் திறந்தார்கள். அவள் சைக்கிளில் ஓட்டிப் பார்ப்பாள், "இன்னும் கொஞ்சம்" என்பாள், அவன் முணுமுணுத்துக்கொண்டே கொத்துவான். ஊர் ரோட்டில் மெனக்கெட்டுக் குழி தோண்டிய ஜனங்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

சனிக்கிழமை ராத்திரி மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை கல்லெல்லாம் எண்ணெய் பூசினதுபோல மின்னியது. கடை வாசல் முழுக்க ரசிகர் மன்றம், வறுத்த உருளைக்கிழங்கு வாசனை, குடைகள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒடீல் வந்தான். தேவாலயத்துக்குப் போகிற கோட்டைப் போட்டிருந்தான். கையில் சக்கரம். யாரிடமும் பேசாமல், ஹில்டா வருஷாவருஷம் நிற்கிற அதே இடத்தில் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி, சக்கரத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான்.

முதலில் பந்தயத்துக்கு வழிவிடச் சொல்லி மோட்டார் சைக்கிள்கள் வந்தன, அப்புறம் பந்தயக்காரிகள் கூட்டமாக. எல்லோர் முகத்திலும் ஒரே சேறு, யார் எவர் என்றே தெரியவில்லை. திருப்பத்தில் முன்னால் வந்த ஒருத்தி ஓரத்து மண்ணுக்கு ஒதுங்கப் பார்த்தாள். சக்கரம் நழுவியது. அவள்மேல் இன்னொருத்தி, அவள்மேல் இன்னும் இருவர். இரும்பு கல்லில் உரசும் சத்தமும் அலறலும் கேட்டன. பக்கத்தில் திரும்பினால் ஒடீல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். சக்கரத்தை மட்டும் இறக்கவில்லை.

"எத்தனை?" என்றான், கண்ணைத் திறக்காமலே. "பிலோ, சொல்லேன். எத்தனை?"

விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி, கல்லின் நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தடதடவென்று வந்துகொண்டிருந்தாள். கையுறை இல்லை. அந்த ஈரக் கல்லில், அந்த வேகத்தில், புத்தியுள்ள எவளும் செய்யாத காரியம்: இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து உயர்த்தினாள். முஷ்டி மூடியிருந்தது.