முட்டை அக்கா

எங்கள் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் அக்கா உண்டு. சுவரைக்கூடப் பேச வைத்துவிடுவார் என்று பெயர். அது பொறாமையில் நான் கிளப்பிவிட்ட பேச்சு. எக்ஸ்ரே எடுக்கும் என்னிடம் நோயாளிகள் "மூச்சை விடலாமா?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. போதைப் பொட்டலங்களை விழுங்கிக்கொண்டு வந்து மாட்டுகிறவர்களைப் போலீஸ் நேராக எங்களிடம்தான் கொண்டுவரும். என் படத்தில் குடல் நெடுக உருண்டை உருண்டையாகத் தெரியும். பேதி மருந்து கொடுத்து, அவை எல்லாம் வெளியே வரும்வரை கட்டிக் காப்பது அக்காவின் வேலை. உள்ளே ஒன்று கிழிந்தாலும் ஆள் காலி.

பொட்டலம் என்று சொன்னால் பக்கத்து பெட்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள் என்று அக்கா அதற்கு 'முட்டை' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பிரிவு கோழிப்பண்ணை ஆகிவிட்டது. "கடைசி பெட் முட்டை போட்டாச்சா?" என்று பெரிய டாக்டரே முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்பார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், அவருக்குத்தான் கஷ்டம். "ஊரார் முட்டையெல்லாம் பொறுக்குறே, எனக்கு ஒரு ஆம்லெட் போடக் கூடாதா?" என்பார். "நீங்களே போட்டுக்குங்க, என் கண்ணுல மட்டும் காட்டாதீங்க" என்று அக்கா சமையலறையை விட்டே ஓடிவிடுவாராம்.

ஒருநாள் காலை வந்த ஆளுக்கு நடுத்தர வயது. கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. போலீஸ் கேட்டும், டாக்டர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு 'மௌனச் சாமியார்' என்று நான் பெயர் வைத்தேன்.

"அண்ணே, நான் போலீஸ் இல்ல. முட்டை வந்தா உடனே என்னைக் கூப்பிடணும், சரியா?" என்றார் அக்கா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா என் அறைக்குள் தலையை நீட்டினார். முகமெல்லாம் வெற்றி.

"வந்து பாருடா. சாமியார் தன் பொண்ணுங்க கதையெல்லாம் கொட்டுறாரு. என் ராசி அப்படி!"

வயிற்றெரிச்சலோடு போனேன். உண்மைதான். மனுஷர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"முட்டை ஏதாவது வந்துச்சா அண்ணே?" என்றார் அக்கா.

"முட்டை வரலையே சிஸ்டர்! வெறும் தோலுதான் வந்துச்சு, கிழிஞ்ச தோலு. அதுக்குப் போய் உங்கள அலைய வைக்கணுமான்னு விட்டுட்டேன்!"

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாய்ந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அது தறிகெட்டு ஓடியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண்மணிகள் அகல விரிந்திருந்தன. பேசியது அக்காவின் ராசி இல்லை. கிழிந்த முட்டைக்குள் இருந்த சரக்குதான் அத்தனையும் பேசியிருக்கிறது.

"டாக்டரைக் கூப்பிடு! ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லு!"

ஊசி போட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடினோம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சிஸ்டர், நான் செத்துடுவேனா?"

"பெரிய பொண்ணு கதையைப் பாதியில விட்டுட்டு எங்க போகப் பாக்குறீங்க? விட மாட்டேன்."

தியேட்டர் கதவு மூடியதும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"முட்டை வந்தா கூப்பிடுங்கன்னுதானே சொன்னேன்? தோல் வந்தாலும் கூப்பிடுங்கன்னு சொல்லலையேடா. அவர் பேசுறார்னு பெருமையா வேற உன்னைக் கூப்பிட்டேனே."

டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அவர் கண் விழித்தபோது வயிற்றில் பெரிய கட்டு. உள்ளே இருந்ததையெல்லாம் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். மனுஷர் பழையபடி வாய் திறக்கவில்லை. அக்கா போர்வையைச் சரிசெய்தார், தலையணையைத் தட்டிப் போட்டார், சும்மா இருக்க முடியாமல் தண்ணீர் பாட்டிலை இடம் மாற்றி வைத்தார். வெகுநேரம் கழித்து, அவர் உதடு மெல்ல அசைந்தது.

"வலிக்குது சிஸ்டர்."

அக்கா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து அவ்வளவு பேசினீங்களே, அது ஒண்ணுகூட நீங்க பேசினது இல்லண்ணே. இதுதான் நீங்க பேசுறது. இன்னொரு தடவை சொல்லுங்க."

"வலிக்குது" என்றார் அவர்.