சாமி ரூம் தரைக்கு ஒரு ஹீட்டர்

இலுப்பூரில் தரைக்கு ஹீட்டர் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சித்திரை மாதம் வாசலில் வெறுங்காலை வைத்தால் குதித்துக் குதித்து ஓடவேண்டிய ஊர் இது. விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரர், "ஏன் சார், நம்ம ஊரு வெயிலு பத்தலையாக்கும்?" என்றார். சிரிக்கட்டும். அவர் மனைவிக்குப் பாத நரம்பு கெட்டுப்போகவில்லை.

என் மனைவிக்குக் கெட்டுப்போயிருந்தது. புற்றுநோய் என்று ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது, பாதம் போனது. சில்லென்று எதன் மேல் கால் பட்டாலும் ஊசி குத்தியதுபோலத் துடிப்பாள். சூடு பட்டாலோ தெரியவே தெரியாது. இந்த லட்சணத்தில்தான் புது வீட்டுக்குக் குடிவந்தோம். வீடு முழுக்க நான் ஆசை ஆசையாய்த் தேடி வாங்கிய கிரானைட். கூடம், அடுப்படி எல்லாம் செருப்போடு நடப்பாள். சாமி ரூம் வாசலில் மட்டும் நின்றுவிடுவாள்.

"செருப்பப் போட்டுக்கிட்டே உள்ள போம்மா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"நீங்க கேட்டுட்டு வந்தீங்களாக்கும்!"

கம்பளம் வாங்கி விரித்தேன். மரத்த கால் அதில் தடுக்கி, ஒருநாள் எரிகிற விளக்கின் மேலேயே விழப் பார்த்தாள். அன்றைக்கே அதைச் சுருட்டி எறிந்தேன். அதன்பிறகு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். உள்ளே விளக்கேற்றுவது நான்.

முப்பது வருஷம் ஆயுத பூஜைக்குத் தவிர சாமி ரூம் பக்கம் எட்டிப் பார்க்காதவன் நான். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "எந்திரிச்சுக் குளிச்சதும் மொதல்ல வெளக்கு. அப்பறந்தான் சாமி ரூம்ல எந்த சுவிச்சுலயும் கை வைக்கணும். மறந்துறாதீங்க." நான் மறக்கவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களில்கூடப் பக்கத்துக் கோயிலில் போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஒருநாள் நான் தவறினால் அந்த நோய் திரும்பி வந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஆனால், அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் வீட்டு விளக்கைத் தானே ஏற்ற முடியாமல் வேடிக்கை பார்க்கிற முகம் அது.

குளிர் தேசத்தில் இருக்கும் மகள், "எங்க வீட்டுல தரையே சுடும்ப்பா" என்று சொல்லி, விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு சுருளைக் கொண்டுவந்தாள். வலையில் கம்பி கோத்த பாய். கல்லுக்கு அடியில் விரிக்க வேண்டும். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அறையின் சூட்டை அதுவே அளந்து எண்ணாகக் காட்டும். நாம் வைத்த எண்ணுக்குக் கீழே அறை குளிர்ந்தால் கம்பி சூடாகும், பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். "அம்மாவுக்குச் சூடு தெரியாது, காலு வெந்துபோயிரும். இருபத்தேழுக்கு மேல வைக்கவே கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

எங்கள் எலெக்ட்ரீஷியன் என் வயதுக்காரர். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் கெட்டி. அவரும் இந்தச் சாமானைக் கண்டதில்லை. புதுக் கல்லைப் பெயர்த்துப் பாயை விரித்து மூடினோம். சாமி படத்துக்கு சீரியல் லைட் போட விட்டிருந்த பாயின்ட் சும்மா கிடந்தது. பெட்டியை அதிலேயே மாட்டினார். எல்லாம் முடிந்ததும், "புதுசு சார், ஒரு சூடத்தக் காட்டிட்டுப் போடுவோம்" என்றார். காட்டினோம். இருபத்தேழில் வைத்துப் போட்டோம். பெட்டி முப்பத்தொன்று என்றது. பொட்டு எரியவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். "மத்தியானம் போட்டா எப்புடிப்பா? விடியக்காலைல குளிரும்போது போடுங்க."

சரிதான், மார்கழி. மறுநாள் விடியும் முன்பே குளித்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். இருபத்தொன்பது. பொட்டு எரியவில்லை. தரையில் உள்ளங்கையை வைத்தேன். பச்சைத் தண்ணீராய்ச் சில்லென்றிருந்தது. வாசலுக்கு நடந்தேன், திரும்பி வந்து தொட்டேன், மறுபடி நடந்தேன்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்றாள் நாற்காலியில் இருந்து.

"உக்காந்தா தரை சூடாயிருமா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

நாலு நாள் இதே கூத்து. அஞ்சாம் நாள் எலெக்ட்ரீஷியனை போனில் பிடித்து, "என்னய்யா மாட்டுன? வீட்டத் தோண்டிப் போட்டதுதான் மிச்சம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அவர ஏன் வையிறீங்க? இங்கிட்டு நான் போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்துருக்கேன். உள்ள மட்டும் எப்புடிங்க இருபத்தொம்போது? பொட்டிக்கு நேர் கீழ பாருங்க."

பார்த்தேன். ஐந்து முகக் குத்துவிளக்கு, ஐந்து திரியும் எரிய நின்றுகொண்டிருந்தது. அதன் அனல் நேராகப் பெட்டியின் முகத்தில் அடித்தது. அறையே கொதிக்கிறதென்று நம்பிக்கொண்டு அது சும்மா இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, மாட்டிய அன்றைக்கு அதன் மூக்கிலேயே சூடத்தை வேறு காட்டியிருக்கிறோம்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், "பொட்டிய மாத்திருவோம் சார், சொவத்தக் கொஞ்சம் ஒடைச்சா..." என்றார்.

"இனிமே ஒண்ணையும் ஒடைக்க வேணாம். நாளைக்கு மொதல்ல சுவிச்சு, அப்பறம் வெளக்கு" என்றாள் அவள்.

"நீதானே சொன்ன, மொதல்ல வெளக்குன்னு?"

"சொன்னேன். இப்ப நானேதான் மாத்திச் சொல்றேன்."

மறுநாள் குளித்துவிட்டு இருட்டான சாமி ரூமில் சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். கை போகவில்லை. ஒன்றரை வருஷமாக ஒருநாள்கூடத் தப்பவில்லையே, இன்றைக்கா தப்ப வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். இருபத்திரண்டு. சிவப்புப் பொட்டு எரிந்தது.

அந்த ஒரு மணி நேரம் நான் உட்காரவேயில்லை. அணைந்து நிற்கிற விளக்கைப் பார்ப்பேன். தரையைத் தொடுவேன். கூடத்துக்குப் போய்த் திரும்புவேன். கடைசியில் தரை, காய்ச்சல் இல்லாத குழந்தையின் நெற்றிபோல் வெதுவெதுவென்று இருந்தது.

செருப்பை வாசலில் விட்டாள். ஒரு காலை வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள்.

"குத்தலைங்க" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "தீப்பெட்டியக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. "இரு, நானே ஏத்திர்றேன்."

என் முகத்தையே பார்த்தாள். "பயப்படாதீங்க. நான் ஏத்துனாலும் எனக்கு ஒண்ணும் வராது."

"பயமா? யாரு பயந்தா?" என்று சத்தம் போட்டேன். இத்தனை நாளும் என் பயத்தைத் தெரிந்துகொண்டேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

விரல்களும் மரத்திருந்ததால் இரண்டு குச்சிகள் ஒடிந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது பற்றியது. ஐந்து திரியையும் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் எண் ஏறி, சிவப்புப் பொட்டு அணைந்தது. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. அவள் உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். நான் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.