மஞ்சள் வைத்த செக்கு

மீன் குழம்புக்கு மஞ்சள்தூள் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் மகள் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. "அம்மா, டென்ஷன் ஆகாதீங்க லா," என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் நன்றாக முடிந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று போனில் ஏதோ கடை சொன்னதாம். அந்தப் பிறகு வந்துவிட்டதாம். கணக்கில் காசில்லை, காலுக்குச் செருப்பு மட்டும் நிறைய இருக்கிறது. அந்தக் கவலையிலும் விரலில் ஒட்டிய மஞ்சள் வாசனைக்கு என் பழைய தோழி ரோஸ்மேரி ஞாபகம் வந்து, சிரித்துத் தொலைத்தேன். மகள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

அது எண்பதுகளின் தொடக்கம். ரோஸ்மேரியும் நானும் சுங்கைப்பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தோம், ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். உதவித்தொகை மாதக் கடைசியில் வங்கிக்கு வரும். நாங்களெல்லாம் சேமிப்புக் கணக்கோடு அடங்கியிருக்க, டவுன்காரியான ரோஸ்மேரி எப்படியோ செக் புத்தகம் வாங்கிவிட்டாள். புதுப் பாடநூல் மாதிரி வாசம் அடிக்கும் அது. சாயங்காலமானால் பழைய காகிதத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டுப் பழகுவாள். கையெழுத்து தேறியது. கணக்குதான் எந்த மாதமும் தேறவில்லை.

அப்போதுதான் லூனாஸ் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில், அக்காவுக்குக் கல்யாணம். அங்கே மொய்யை மைக்கில் சொல்வார்கள். பெயர், ஊர், தொகை மூன்றும் பால்மரக் காட்டைத் தாண்டிக் கேட்கும். ஐந்து வெள்ளி நோட்டு வைத்தவர் பெயரை மைக் அண்ணன் விழுங்கிவிடுவார். இருபது வைத்தவர் பெயரை ராகம் போட்டு இழுப்பார். ரோஸ்மேரிக்கு முன்னால் நின்ற தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டு அம்மா முப்பது வைத்துவிட்டு, இவளை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான். கைப்பை திறந்தது.

"சுங்கைப்பட்டாணி, குமாரி ரோஸ்மேரி, ஐம்பது வெள்ளி..." மைக் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டார். "செக்கு!"

மேளம் நின்றது. செக்கைப் பார்க்கப் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தவர்கள் உண்டு. நான் அவளைப் பந்தல் வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"கணக்குல எவ்வளவுடி இருக்கு?"

"பன்னெண்டு வெள்ளி."

"பைத்தியமா நீ?"

"மைக்கு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுடி. வேற என்னா செய்யச் சொல்ற?"

செக் திரும்பி வந்தால், சம்பந்தி வீட்டார் முன்னால் மைக்கில் ஏறிய அப்பாவின் மானம் மைக் இல்லாமலே இறங்கிவிடும். வங்கி கல்லூரிக்கு ஒரு வரி எழுதினால் அவள் உதவித்தொகையும் போகும். உதவித்தொகை வரவோ இன்னும் நாள் கிடந்தது. பால்மரம் வெட்டுகிற அப்பா வங்கிப் படி ஏறியதே இல்லை. திங்கட்கிழமையே ஏறுவதாக இருந்தார்.

"திங்கக்கிழம ராகு காலம்பா," என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நாள் முழுக்கவாடி ராகு காலம்?"

திங்களன்று நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கையில் பலாப்பழத்தோடு அப்பா.

"மன்னிச்சிரு தாயி," என்றார், ரோஸ்மேரியைப் பார்த்து. அவள் சொல்ல வேண்டியதை அவர் சொல்கிறாரே என்று விழித்தோம். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போலச் செக்குக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துச் சாமி படத்தடியில் வைத்திருக்கிறார். அம்மா அதன்மேல் தீர்த்தமும் தெளித்தாளாம். குங்குமம் கரைந்து சரியாக அந்த வளைந்த கையெழுத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் "தாக் போலே, பாக்சிக்," முடியாது பெரியவரே என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

"ஆசையாக் குடுத்த அம்பது வெள்ளியக் கெடுத்துப்புட்டேனே!"

"பரவால்ல அங்கிள். சாமிக்குத்தானே வச்சீங்க," என்றாள் ரோஸ்மேரி. முகத்தில் அப்படியொரு பெருந்தன்மை.

"அதான் தாயி, இன்னொண்ணு எழுதிக் குடு. சத்தியமா மஞ்சள் வைக்கமாட்டேன்."

பெருந்தன்மை அப்படியே உறைந்தது. நான் பலாப்பழத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரோஸ்மேரி கண்ணை மூடி யோசித்தாள். பிறகு, அடுத்த மாதம் முதல் தேதியைப் போட்டு எழுதி நீட்டினாள்.

"இந்தத் தேதிக்கு முன்னாடி போயிராதீங்க அங்கிள். அன்னைக்குத்தான் நல்ல நாளு."

அப்பா நெகிழ்ந்துபோய் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? வேதக்காரப் புள்ள, நாள் பாத்துக் குடுக்குது. நீயும் இருக்கியே!"

அந்தச் செக்குக்குப் பணம் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க ரோஸ்மேரி என் சோற்றைத்தான் தின்றாள், குழம்பு சரியில்லை என்று குறையும் சொன்னாள்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மொய்யும் போனிலேயே போகிறது. ராகம் போட்டு இழுக்க ஆளில்லை. கடனும் அதே வழியில் சத்தமில்லாமல் வருகிறது. என் பெண் மாதக்கணக்காகச் சறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு மைக்கும் எனக்குச் சொல்லவில்லையே.

குழம்பை இறக்கிவிட்டு, அவளுக்குப் பணம் அனுப்பப் போனை எடுத்தேன். கட்டைவிரலை வை என்றது. வைத்தேன். விரலெல்லாம் மஞ்சள், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஏற்கவில்லை. "தாக் போலே, மாக்சிக்," முடியாது அம்மா என்று கையை விரிக்கக்கூட அங்கே யாருமில்லை.