மச்சான் மோதிரம்

என் அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே பெண். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாலை போட்டு, விரலில் மோதிரம் மாட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் என் மகன். எங்கள் பக்கத்தில் அது பெண்ணின் தம்பி செய்கிற முறை. மச்சான் மோதிரம் என்போம். கூடப் பிறந்தவன் இல்லாத வீட்டில் சித்தி மகன்தான் அந்த இடத்தில் நிற்பான். அவள் பள்ளிக்கூடம் போன வயதிலேயே, "என் கல்யாணத்துல நீதான்டா மோதிரம் போடணும். கவரிங் வாங்கி ஏமாத்தின, அவ்ளோதான்" என்று அவனை மிரட்டி வைத்திருந்தாள்.

அந்த ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டுதான் போன வருடத்தைக் கடந்தேன்.

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த கையோடு மகனுக்குப் பெருங்குடலில் புண் வந்தது. மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து உள்ளேயே ஒரு பை போலத் தைத்தார்கள். ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைந்திருப்பதால் அதற்கு ஜே-பவுச் என்று பெயர். "இதோட முடிஞ்சதும்மா. இனிமே எல்லாப் பசங்க மாதிரிதான் இவனும்" என்றார் அறுவை செய்த மருத்துவர். அவர் காலில் விழாத குறையாகக் கும்பிட்டேன்.

முடியவில்லை. பை சரியாகக் காலியாகவே இல்லை. கழிப்பறையிலிருந்து வருவான், ஈரக் கையைத் துடைப்பதற்குள் மறுபடி உள்ளே போவான். இரத்தமும் திரும்ப வந்தது. அதே மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றோம். பையில் வீக்கம் என்று ஒரு ஆன்டிபயாடிக் எழுதுவார், அது தீர்ந்ததும் இன்னொன்று. ஒருநாள், "படிச்சவங்க நீங்க. எந்நேரமும் பாத்ரூம் வாசல்ல நின்னுகிட்டிருந்தா பையனுக்கு மனசுல பயம் வராம என்ன செய்யும்?" என்று பழியை என் பக்கமே திருப்பினார். வேறு ஆஸ்பத்திரியில் சாயம் விட்டுப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. பழைய மலக்குடலில் ஒரு துண்டை நீளமாக விட்டுவிட்டு, அதன் மேல் பையைத் தைத்திருக்கிறார்கள். நோய் அந்தத் துண்டிலேயே குடியிருந்திருக்கிறது. அடைப்பும் அங்கேதான். புது மருத்துவர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். கணக்கு டீச்சரான எனக்கே பளிச்சென்று தெரிந்தது. அத்தனை நாளும் பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டது.

மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். மிச்சத் துண்டை எடுத்து, பையைக் கீழே இறக்கித் தைத்தார்கள். உள்ளே ஆறும் வரை வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன் மேல் ஒட்டுகிற பை ஒன்றை மாட்டிவிட்டார்கள். மலமெல்லாம் அதில்தான் வரும்.

அந்த நாட்களில் வாலாஜாபாத்திலிருந்து பஸ் மாறி வந்து என்னோடு கிடந்தவள் அக்கா. ஒட்டுப் பையை முதல்முறை நான் மாற்றியபோது எல்லாம் படுக்கையில் கொட்டிவிட்டது. அக்கா என்னை இடித்துத் தள்ளினாள்.

"நவுரு. கத்திரிய இப்டி குடு. சின்னப் புள்ளயில இவன் பீய அள்ளாத கையா இது?"

மகன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னாடா மூஞ்ச திருப்பிக்கற? பெரியம்மா கிட்ட இன்னாடா வெக்கம் உனக்கு?" என்று பேசிக்கொண்டே புதுப் பையின் வாயைத் துளையின் அளவுக்குக் கத்தரித்து வைத்து, வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துளையைச் சுற்றித் துடைத்துவிட்டாள். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விட்டால் மற்றது புரியாது.

துளையை மூடிய பிறகு உடம்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குழைந்த சோறு, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட மோர். போய்ப் போய்த் தோல் வெந்துபோகும். களிம்பு பூசிக்கொண்டு கவிழ்ந்து படுத்திருப்பான். வந்தவுடன் ஓடாமல் கொஞ்சம் அடக்கிப் பார்க்கச் சொன்னார் புது மருத்துவர். முதலில் ஒரு விளம்பர இடைவேளை முடியும் வரை அடக்கினான். பிறகு ஒரு பாட்டு முடியும் வரை. ஒரு நாள் குன்றத்தூர் கடைத்தெரு வரைக்கும் நடந்து போய் முடி வெட்டிக்கொண்டு திரும்பினான். அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அவன் குடிக்கக்கூடாது என்று அவன் அப்பாவே குடித்து முடித்தார்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஆலையில் அவனுக்கு வேலை. அங்கே லைன் ஓடும்போது நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. தலைக்கு மேலே இருக்கிற மஞ்சள் விளக்கைப் போட்டால், மாற்றாள் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். ரிலீவர் என்பார்கள். விளக்கு எரிந்தால் லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திரும்ப வேலைக்குச் சேர்ந்த அன்று பள்ளிக்கூடத்தில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டே பாடம் எடுத்தேன். சாப்பாட்டு வேளையில் போன் செய்தான்.

"அம்மா, இதுவரைக்கும் லைட்டே போடல."

பின்னாலிருந்து இன்னொரு குரல். லைனில் இவனுக்கு அடுத்து நிற்கிற தூத்துக்குடிப் பையன், ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன். "அம்மா, நீங்க பேசாம சாப்புடுங்க. இவன் நல்லாத்தான் நிக்கான். சூப்பர்வைசர்தான் அஞ்சு தடவ போய்ட்டு வந்துட்டாரு!"

லைனில் நிற்கிறவன் மேடையில் நிற்க மாட்டானா? அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணம் வாலாஜாபாத்தில். முன்னதாகவே நான் போய் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மேடைக்குப் பின்னால் மணமகள் அறை, அதை ஒட்டிக் கழிப்பறை, வெஸ்டர்ன் கோப்பை, தண்ணீர் வருகிறது. மேனேஜரிடம் ஒரு சாவி கேட்டு வைத்தேன். முடிச்சு அவிழ்க்க நேரமாகும் என்று வெல்க்ரோ வைத்த பட்டு வேட்டி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை. அவன் அப்பா மாப்பிள்ளையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"நல்லா தேய்டா. மாப்ள காலுன்னா சும்மாவா?"

"மாப்ளைக்கு இவ்ளோ பித்தவெடிப்பாப்பா?" என்றான் மகன். மூவரும் சிரித்தோம். தாம்பாளத்தோடு நேராக, அசையாமல் நின்று காட்டினான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பில் அவன் பிரியாணியும் காலிஃபிளவர் வறுவலும் போட்டுச் சாப்பிட்டான். "டேய், நாளைக்கு மேடை" என்று இலையிலிருந்து எடுக்கப் போனேன். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றான். தைரியம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் நான் வரிசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மேளம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாப்பிள்ளையின் காலடியில் குனிந்திருந்தவன் என் மகன் இல்லை. அக்காவின் கொழுந்தன் பையன். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான், துண்டால் துடைத்தான், மோதிரத்தைப் போட்டான். போட்டோக்காரர் இன்னொரு முறை போடச் சொன்னார். அதற்கும் சிரித்துக்கொண்டே போட்டான்.

என் மகன் மூன்றாவது வரிசையில், வெல்க்ரோ வேட்டியில், கல்யாணத்துக்கு வந்திருந்த அந்தத் தூத்துக்குடிப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னல, கல்யாணத்துலயும் ஒனக்கு ரிலீவர் போட்டுட்டாவளே" என்று அந்தப் பையன் சொன்னது காதில் விழுந்தது. மகன் சிரித்தான்.

அக்கா மணமகள் அறையில் கூறைப்புடவைத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என் பையன் இருக்கறப்ப அந்தப் பையன் எப்படி மோதிரம் போட்டான்?"

"ஏண்டி, இது கேக்கற நேரமா? அவனும் தம்பி முறதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட இன்னாத்த சொல்றது? அவங்கிட்டயே கேட்டேன். சரின்னான்."

"எப்ப?"

"பத்திரிக வைக்க வந்தன்னிக்கி. நீ காபி போட உள்ள போனியே, அப்ப." தட்டு கிடைத்துவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவன தொடச்சி விட்டவ நானு. எனக்குத் தெரியும் அவனுக்கு எப்ப இன்னா ஆவும்னு. நடு மேடையில எழுந்து ஓடுனான்னா மாப்ள வூட்ல எம் பொண்ண இல்ல கேப்பாங்க? ஒரே ஒரு நாளு. விட்டுக் குடுக்கக் கூடாதா?"

அவனுக்கு எதெல்லாம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவனை அப்புறப்படுத்தவும் அதுவேதான் அவளுக்கு உதவியிருக்கிறது. யாரோ அவளை அழைத்தார்கள், தட்டோடு போய்விட்டாள்.

மகனிடம் போய் உட்கார்ந்தேன்.

"பத்திரிகை வச்ச அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

தலையசைத்தான்.

"அப்ப அந்த ஒத்திகை?"

"நீ வேட்டியெல்லாம் வாங்கிட்டு வந்து நின்ன. எப்படிம்மா சொல்லுவேன்?"

"பெரியம்மாகிட்ட முடியும்னு சொல்றதுக்கென்ன?"

"கையப் புடிச்சிகிட்டு அழுதாங்கம்மா. ஆஸ்பத்திரில எனக்கு அவ்ளோ செஞ்சவங்க. முடியாதுன்னு எப்டி சொல்றது?" மேடையைப் பார்த்தபடியே பேசினான். "விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

தாலி கட்டி முடிந்தது. அதுவரைக்கும் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் மேடையைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பிரியாணிக்குப் பிறகும், அத்தனை புகைக்கும் மேளத்துக்கும் நடுவே, நேராக உட்கார்ந்திருந்தான். அவன் நின்றிருப்பான். நிச்சயமாக நின்றிருப்பான்.

பரிசு கொடுக்க மேடை ஏறினோம். பெண் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "பரவால்லடா. அம்மா சொன்னாங்க. அந்த நேரம் பாத்து உனக்கு பாத்ரூம் வந்துடுச்சாமே. இப்ப பரவால்லியா?" என்று கேட்டாள். கண்ணில் உண்மையான கவலை. அவளுக்கு எதுவும் தெரியாது.

"பரவால்லக்கா" என்றான் என் மகன்.

"அவன் எங்கயும் போகல" என்றேன். "மூணாவது வரிசையிலதான் இருந்தான். காலையிலேர்ந்து."

பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அவள் அம்மாவை. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "கேமராவ பாருங்க" என்றார் போட்டோக்காரர். அக்கா என் முழங்கையைப் பிடித்து மெல்ல மேடையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். அந்தப் படத்தில் நான் இல்லை.

வீடு திரும்பினோம். வாசலில் மகன், "அக்கா முன்னாடி ஏம்மா அப்படிச் சொன்ன? கல்யாணத்தன்னிக்கு?" என்றான். "நீ உட்கார்ந்திருந்தே, அதனாலதான் சொன்னேன்" என்றேன். அது அவனுக்குப் பதிலாகவே படவில்லை. என் கணவருக்கும்தான்.

இப்போது அவன் காலையில் கொஞ்ச தூரம் ஓடிக்கூடப் பார்க்கிறான். சில நாள் விளக்கு போடுகிறான், பல நாள் போடுவதில்லை. லைனில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். அக்கா எனக்குப் போன் செய்வதில்லை, நானும் செய்வதில்லை. அவனுக்குச் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அறையிலிருந்து பேச்சு கேட்கும். "ஆமா பெரியம்மா, சாப்ட்டேன். முருங்கக்கா மட்டும் ஒத்துக்கல." பிறகு சிரிப்பு. நான் சமையலறையில் கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்று கேட்பேன். பேசி முடித்ததும் வெளியே வந்து மோர் கேட்பான். உப்புப் போட்டுக் கொடுப்பேன். என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.